ஒரு சின்னக் கோடு செய்த கோளாறு!

என் அத்தைக்கு 70 வயது தாண்டிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்ல. 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. வயல் வேலை முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டு, இரவில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அன்று முதல் பத்திரிகை படிக்காத நாள் கிடையாது. முதல் பக்கத்துத் தலைப்பில் தொடங்கி, கடைசிப் பக்கத்து விளம்பரம் வரை விடமாட்டார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பத்திரிகைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன அத்தே, படிக்கலையா?" என்று கேட்டேன்.

"இனிமே நமக்கு அது கொடுத்துவைக்கல தம்பி. கண்ணு போச்சு. புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியல" என்றார்.

மூன்று மாதமாக இப்படித்தானாம்! கடையில் போய்க் கேட்டதற்கு, "போகப் போகப் பழகிடும் பாட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கண்ணாடியை வாங்கிப் பத்திரிகைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். எழுத்து பெரிதாகத் தெரியவில்லை. சிறிதாகத் தெரிந்தது! வயதானவர்களின் படிக்கிற கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். இது தலைகீழாக இருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுக்கச் சொன்னேன். அதில் இப்படி இருந்தது:

வலது - 2.50
இடது - 2.50

டாக்டர் நினைத்தது என்ன? "வலது கண்ணுக்கு 2.50, இடது கண்ணுக்கு 2.50" என்பது. நடுவில் இருக்கிற கோடு சும்மா ஒரு பிரிப்பு. நாம் எல்லோரும் போடுகிற கோடுதான்.

கடைக்காரர் படித்தது என்ன? "மைனஸ் 2.50" என்று! கிட்டப்பார்வைக்காரர்கள் போடுகிற, நடுவில் மெலிந்த கண்ணாடியைச் செய்து கொடுத்துவிட்டார். அத்தைக்கு வேண்டியது நடுவில் தடித்த கண்ணாடி.

ஒரு நூல் அளவு கோடு. அதனால் ஒரு மனுஷி மூன்று மாதம் தன் கண் போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார்!

டாக்டர் "பிளஸ்" என்று ஒரு குறி போட்டிருக்க வேண்டும். கடைக்காரரும், வந்தவரின் வயதைப் பார்த்தாவது, ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இருவருமே கெட்டவர்கள் அல்ல. கோடு ஒன்றுதானே என்று இருவரும் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். இந்த அலட்சியத்தைப் பற்றித்தான் எழுதத் துணிந்தேன்.

ஒரே கோடு, ஓராயிரம் வேலை

நம் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள்.

பஸ்ஸின் நெற்றியில் "மதுரை - தேனி" என்று பலகை இருக்கிறது. அங்கே கோட்டுக்கு "இங்கிருந்து அங்கே" என்று அர்த்தம். கல்யாணப் பந்தலின் முகப்பில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் அதே கோடு. அங்கே அதன் அர்த்தம் "இவருக்கு இவர்". கால்பந்துச் செய்தியில் "3-2" என்று வருகிறது. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்துப் பார்க்கிறவர் உண்டா?

பையனின் மதிப்பெண் தாளில் கோடு இருந்தால், பரீட்சைக்கே போகவில்லை என்று அர்த்தம். அப்பா பெல்ட்டைத் தேட வேண்டியதுதான்!

மாத்திரைச் சீட்டில் "1-0-1" என்று எழுதுகிறார்கள். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பாஷை கிடையாது. தெரியாதவர்கள் நூற்றொன்று என்று படித்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

பழைய கணக்குப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதில் "3-8-0" என்று ஒரு வரி. "இது என்ன தேதி?" என்று அக்காள் மகள் கேட்டாள். தேதி இல்லை, விலை! 3 ரூபாய், 8 அணா, 0 பை. அந்தக் காலத்துப் "பை" என்பது அணாவில் 12-ல் ஒரு பங்கு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனதும், கோடு போன இடத்தில் புள்ளி வந்து உட்கார்ந்தது.

ஆனால் ஒரு கோடு மட்டும் போகவில்லை. இன்றும் ரசீதில் "ரூ. 500/-" என்று எழுதுகிறோமே, அது ஏன் என்று யோசித்தது உண்டா? இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை பவுன், ஷில்லிங், பென்ஸ் என்ற பழைய கணக்கு இருந்தது. 5 ஷில்லிங், பென்ஸ் ஒன்றும் இல்லை என்பதை "5/-" என்று எழுதினார்கள். அந்தக் கோட்டுக்கு "சில்லறை இல்லை" என்று அர்த்தம். வெள்ளைக்காரன் போய்விட்டான். ஷில்லிங்கும் போய்விட்டது. கோடு நம்மிடம் தங்கிவிட்டது!

தங்கியதற்குக் காரணமும் இருக்கிறது. 500-க்குப் பின்னால் கோடு இல்லாவிட்டால், யாராவது ஒரு சைபரைச் சேர்த்து 5,000 ஆக்கிவிடலாம். அந்தச் சின்னக் கோடு நம் பணத்துக்கு ஒரு பூட்டு. இதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

குட்டையும் நெட்டையும்

உண்மையில் கோடு ஒன்று அல்ல. அச்சுத் தொழிலில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த காலத்தில், எழுத்துப் பெட்டியில் கோடுகள் தனித்தனி அறையில் இருக்கும்.

குட்டைக் கோட்டுக்கு "ஹைபன்" என்று பெயர். இரண்டு சொற்களை ஒட்ட வைப்பது அதன் வேலை. "எக்ஸ்-ரே" என்று எழுதுகிறோம் அல்லவா? அதில் இருப்பது குட்டைக் கோடு. முன்னும் பின்னும் இடம் விடக் கூடாது.

நெட்டைக் கோட்டுக்கு "எம் டேஷ்" என்று பெயர். அதன் வேலை நேர் எதிர். ஓடுகிற வாக்கியத்தைச் சட்டென்று நிறுத்தும். "அவன் வந்தான் — வராமலே இருந்திருக்கலாம்" என்று எழுதினால், நடுவில் ஒரு பெருமூச்சு கேட்கிறதல்லவா? அந்தப் பெருமூச்சுதான் நெட்டைக் கோடு.

இரண்டுக்கும் நடுவில் "என் டேஷ்" என்று ஒரு நடுத்தரக் கோடு. "1939–1945" என்று காலத்தைக் காட்டவும், "10–15 பக்கம்" என்று அளவைக் காட்டவும் அது வரும். அச்செழுத்தின் உயரம் எவ்வளவோ அதே அளவு அகலம் "எம்". அதில் பாதி "என்". 12 புள்ளி எழுத்து என்றால் நெட்டைக் கோட்டின் நீளம் 12 புள்ளி, நடுத்தரம் 6 புள்ளி. குட்டைக் கோடு அதைவிடச் சிறியது.

இவற்றைத் தவிர, கணக்கில் கழித்தல் குறி என்று நாலாவது ஒன்று.

அப்படியானால் எல்லாம் ஒன்றாகக் குழம்பியது எப்படி?

தட்டெழுத்து இயந்திரம் செய்த சிக்கனம்

1874-ல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி தட்டெழுத்து இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இயந்திரத்தில் இடம் கொஞ்சம். ஒவ்வொரு விசையும் தங்கம். பிற்காலத்தில் வந்த பல இயந்திரங்களில்கூட "1" என்ற எண்ணுக்கே தனி விசை கிடையாது! ஆங்கிலச் சின்ன "எல்" எழுத்தை அடித்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும். எண்ணுக்கே இந்தக் கதி என்றால், கோட்டுக்கு மூன்று விசை யார் கொடுப்பார்கள்?

ஒரே ஒரு விசை கொடுத்தார்கள். ஒட்டுவதற்கும் அதுவே, பிரிப்பதற்கும் அதுவே, கழிப்பதற்கும் அதுவே. நெட்டைக் கோடு வேண்டும் என்றால் இரண்டு தடவை தட்டு. அல்லது முன்னும் பின்னும் இடம் விட்டு ஒரு தடவை தட்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். தட்டெழுத்து வகுப்புக்குப் போனவர்களுக்கு இது நினைவிருக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1963-ல் அமெரிக்கர்கள் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலிலும் கோட்டுக்கு ஒரே இடம்தான். எண் 45. இன்றுகூட அந்தக் குறிக்கு அதிகாரபூர்வமான பெயர் என்ன தெரியுமா? "ஹைபன்-மைனஸ்"! ஒட்டுவதா, கழிப்பதா என்று பெயர் வைத்தவர்களாலேயே தீர்மானிக்க முடியவில்லை.

என் அத்தையின் கண்ணாடிக் கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வானத்தில் வெடித்த கோடு

கண்ணாடி போகட்டும். ராக்கெட்டே போயிருக்கிறது!

1962-ஆம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி. அமெரிக்கா "மாரினர் 1" என்ற விண்கலத்தை வெள்ளிக் கிரகத்தை நோக்கி ஏவியது. கேப் கெனவரல் தளத்திலிருந்து ராக்கெட் சீறிக் கிளம்பியது. சிறிது நேரத்தில் தாறுமாறாகப் போகத் தொடங்கியது. அது கீழே எங்கே விழுமோ என்ற பயத்தில், பாதுகாப்பு அதிகாரி அதை வானத்திலேயே வெடிக்கச் செய்துவிட்டார். கிளம்பி 5 நிமிஷம்கூட ஆகவில்லை!

ராக்கெட்டுக்கு வழி சொல்லும் கணக்கில் ஒரு ஹைபன் விட்டுப்போனதுதான் காரணம் என்று செய்தி வந்தது. நஷ்டம் 1 கோடியே 85 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. சரித்திரத்தில் இவ்வளவு விலை போன ஹைபன் வேறு இல்லை என்ற கருத்தில், ஆர்தர் சி. கிளார்க் என்ற விஞ்ஞான எழுத்தாளர் எழுதினார்.

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்டுப்போனது ஹைபனே அல்ல, கையால் எழுதிய சூத்திரத்தில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் போட வேண்டிய கோடு என்றும் சிலர் சொல்கிறார்கள். சமிக்ஞை வாங்கும் கருவியிலும் கோளாறு இருந்தது. எந்தக் கோடு என்பதில்கூட இவ்வளவு குழப்பம் பாருங்கள்! அடுத்த மாதமே "மாரினர் 2" கிளம்பி, டிசம்பரில் வெள்ளியைத் தாண்டிப் போய்ச் சாதனை செய்தது என்பது வேறு கதை.

கோட்டுக்காக ஒரு சண்டை

இன்னும் வேடிக்கை ஐரோப்பாவில் நடந்தது.

செக்கோஸ்லோவேகியா என்று ஒரு நாடு இருந்தது. செக் மக்களும் ஸ்லோவாக் மக்களும் சேர்ந்து வாழ்ந்த நாடு. 1989-ல் கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்தது. நாட்டின் பெயரிலிருந்து "சோஷலிஸ்டு" என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று 1990 ஜனவரியில் ஜனாதிபதி வாக்லாவ் ஹாவல் யோசனை சொன்னார். சாதாரண விஷயம் என்றுதான் நினைத்தார்.

ஸ்லோவாக்குகள் எழுந்தார்கள். "பெயரை மாற்றுகிறீர்கள் அல்லவா? அப்படியே செக்கோவுக்கும் ஸ்லோவேகியாவுக்கும் நடுவில் ஒரு குட்டைக் கோடு போடுங்கள். நாங்களும் இருக்கிறோம் என்று உலகத்துக்குத் தெரியட்டும்" என்றார்கள்.

செக்குகளுக்கு அது பிடிக்கவில்லை. 1938-ல் ஹிட்லருக்குப் பயந்து நாட்டின் ஒரு பகுதியைப் பறிகொடுத்த பிறகு வந்த பெயரில் அந்தக் கோடு இருந்தது. அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் பழைய காயம் வலித்தது.

ஒரே கோடுதான். ஒருவருக்கு அது மரியாதை. இன்னொருவருக்கு அவமானம்!

பார்லிமெண்டில் வாதம் நடந்தது. மார்ச் 29-ந் தேதி ஒரு விநோதமான சட்டம் போட்டார்கள். செக் மொழியில் எழுதும்போது கோடு கிடையாது, ஸ்லோவாக் மொழியில் எழுதும்போது கோடு உண்டு! யாருக்கும் திருப்தி இல்லை. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 20-ந் தேதி, "செக் மற்றும் ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு" என்று நீட்டிப் பெயர் வைத்துக் கோட்டுக்கு விடை கொடுத்தார்கள். 1993 ஜனவரி 1-ந் தேதி நாடே இரண்டாகிவிட்டது. கோட்டினால்தான் பிரிந்தது என்று சொல்வது அபாண்டம். மனசு ஏற்கெனவே விலகியிருந்தது. கோடு அதைக் காட்டிக் கொடுத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்தச் சண்டைக்கு அவர்கள் வைத்த பெயரில் இருக்கிற சொல் "பொம்ல்ச்கா". அந்த மொழிகளில் அதற்கு நெட்டைக் கோடு என்று பொருள். குட்டைக் கோட்டுக்கு வேறு சொல் இருக்கிறது. குட்டைக் கோட்டுக்காகச் சண்டை போட்டு, நெட்டைக் கோட்டுச் சண்டை என்று பெயர் வைத்தார்கள்! ஒட்டுவது எது, பிரிப்பது எது என்ற குழப்பம் நமக்கு மட்டும் அல்ல.

தமிழுக்கு எத்தனை கோடு வேண்டும்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். நம் ஓலைச்சுவடியில் கமா உண்டா, கேள்விக்குறி உண்டா? நம் முன்னோர்கள் படிக்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். சுவடியைக் குருவின் முன்னால் உட்கார்ந்து படித்தார்கள். எங்கே நிறுத்துவது என்று குரு சொல்லிக் கொடுத்தார். அச்சுப் புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறோம். பக்கத்தில் குரு இல்லை. அந்தக் குறைக்குத்தான் நிறுத்தக் குறிகள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தம் உரைநடையில் அவற்றைப் பயன்படுத்திக் காட்டினார். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு அவை ஊன்றுகோல்.

ஆனாலும் ஆங்கிலத்துக்கு வேண்டிய எல்லாக் கோடும் தமிழுக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

குட்டைக் கோடு நமக்கு அதிகம் தேவைப்படாது. "இராப்பகல்" என்று சொன்னாலே இரவும் பகலும் என்று புரிகிறது. நடுவில் கோடு போட்டு ஒட்ட வேண்டியது இல்லை. சொற்களை ஒட்டுகிற பசை தமிழிலேயே இருக்கிறது! நடுத்தரக் கோடும் அச்சகத்தாரின் அழகுக்கு இருக்கட்டும். நாம் கையால் எழுதும்போது "10 முதல் 15 வரை" என்று எழுதிவிட்டால் போதும்.

நெட்டைக் கோடு இருக்க வேண்டும். அது பேச்சின் மூச்சு. அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் என்று ஒரு பெண் கவி இருந்தார். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதி வைத்துவிட்டு 1886-ல் காலமானார். வரிக்கு வரி கோடு போடுவது அவர் வழக்கம். 1890-ல் புத்தகம் போட்டவர்கள், "இது என்ன கோணல்!" என்று நினைத்தார்களோ என்னவோ, பெரும்பாலான கோடுகளை நீக்கிவிட்டார்கள். 1955-ல் வந்த பதிப்பில்தான் அவை திரும்பி வந்தன. அவருடைய மூச்சு 65 வருஷம் கழித்து வாசகர்களுக்குக் கேட்டது.

இப்போது ஒரு புதுக் கூத்து நடக்கிறது. நெட்டைக் கோடு நிறைய வந்தால் அது கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது என்று சந்தேகப்படுகிறார்களாம். கல்லூரிப் பிள்ளைகள் பயந்துபோய்க் கோடுகளை அழிக்கிறார்கள். திருடன் வெள்ளைச் சட்டை போட்டான் என்பதற்காக ஊரெல்லாம் சட்டையைக் கழற்றுவதா?

எண்ணுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்

நான் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எண்ணுக்கு முன்னால் வெறும் கோடு போடாதீர்கள்!

"சர்க்கரை - 2 கிலோ" என்று மளிகைச் சீட்டில் எழுதினால் மோசமில்லை. மைனஸ் 2 கிலோ சர்க்கரை எந்தக் கடையிலும் கிடைக்காது. மருந்து, கண்ணாடி, பாங்கிக் கணக்கு, ஜுர அளவு, இவற்றில் விளையாடக் கூடாது. இரண்டு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சொல்லாகவே எழுதுங்கள். "வலது கண்: பிளஸ் 2.50" என்று எழுத டாக்டருக்கு எத்தனை விநாடி அதிகம் ஆகும்? பள்ளிக்கூடத்தில் நிறுத்தக் குறி நடத்தும் ஆசிரியர்களும், கமாவோடு நிறுத்திவிடாமல், இந்தக் கோட்டுக்கும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கினால் நல்லது.

விசை இல்லை என்ற சாக்கும் இப்போது கிடையாது. கைப்பேசியில் கோட்டு விசையை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நெட்டையும் நடுத்தரமும் மேலே எழும்பி வரும். வேண்டியதன் மேல் விரலை நகர்த்தினால் போதும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் "ஆல்ட்" விசையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கத்து எண் விசைகளில் 0151 அடித்தால் நெட்டைக் கோடு. 0150 அடித்தால் நடுத்தரம். நூறு வருஷத்துக்கு மேல் தட்டெழுத்து இயந்திரம் ஒளித்து வைத்திருந்தது, இப்போது கட்டை விரலுக்கு அடியில் இருக்கிறது!

அத்தையை நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரிடம் சீட்டைக் காட்டினோம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, புதுச் சீட்டில் பெரிய எழுத்தில் "பிளஸ்" என்று எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் காசு வாங்காமலே கண்ணாடியை மாற்றித் தந்தார்.

பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் அடுக்கி வைத்திருந்தாரே, அந்த மூன்று மாதத்துப் பத்திரிகைகள், அவற்றை ஒவ்வொன்றாகத் திண்ணையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அத்தை. போன வாரம் போனில் பேசினேன். இன்னும் ஆவணி மாதத்தில்தான் இருக்கிறாராம்.

"தொடர்கதை ஓடிக்கிட்டு இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு நீ சொல்லிடாதே" என்றார்.